இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே ஒரு காப்ளர்

அத்தியாயம் – 14

போன வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் மூன்று திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தோம். இத்தனை நாள் நின்றதில் கால் வலிக்கும். முதலில் உட்கார வைத்துவிடுகிறேன்.

கிழக்கே பார்த்து நின்றவள் என் மகள் உண்ணாமலை. பி.யூ.சி. முடித்தவள். செங்கம் ரோட்டில் கோதண்டராமன் அண்ணன் லாட்ஜுக்கு முன்னால் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. அதில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு கடை வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

மேற்கே பார்த்து நின்றவள் என் மனைவி தங்கம்மாள். ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு உரக்கடை. 'பொண்ணு வீட்டோட இருந்தா போதும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் பெண் கடை வைக்கப் போகிறாள் என்று காதில் விழுந்தால், வருகிற வண்டி பாதி வழியிலேயே திரும்பிவிடும் என்பது அவள் கவலை.

தரையைப் பார்த்து நின்றவன் நான். ராஜமாணிக்கம், தையற்கடை. ரமணாசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஜிப்பாவும் பைஜாமாவும் தைப்பவன். என் பைஜாமாவில் ஒரு கால் கொஞ்சம் கம்மியாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. போட்டுக்கொண்டு மலை சுற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். மகளிடம் "செய்ம்மா" என்றும், மனைவியிடம் "நீ சொல்றது சரிதான்" என்றும் ஒரே நாளில் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் ஒரே இடத்தில் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் என் குடும்ப நிர்வாகம். போன வாரம் சேர்ந்துவிட்டார்கள்.

இதற்கிடையில் கோதண்டராமன் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்.

அவர் லாட்ஜில் மூன்று வருஷமாகத் தங்கியிருக்கிறார் ஈடித் அம்மா. அமெரிக்காக்காரி. எழுபதை நெருங்கியவர். இட்லியும் வாழைப்பழமும் தவிர எதையும் தொடமாட்டார். இப்போது அதிலும் பாதியை வைத்துவிடுகிறார். கன்னம் ஒட்டிவிட்டது. ஒரு நாள் கடையில் ஜிப்பாவுக்கு அளவு கொடுத்துக்கொண்டே, சின்ன வயசில் அம்மா செய்து கொடுத்த 'காப்ளர்' என்ற பலகாரம் மட்டும் நாக்கிலேயே நிற்கிறது என்று உண்ணாமலையிடம் சொல்லியிருக்கிறார். மலைச்சரிவில் பொறுக்கி வந்த நாலைந்து விதப் பழங்களைச் சர்க்கரை போட்டு வேகவைத்து, மேலே வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவை உருண்டை உருண்டையாக வைத்து, மேலும் கீழும் சூடு காட்டி எடுப்பதாம்.

"மலை நம்மகிட்டயும் இருக்கு, பழம் நம்மகிட்டயும் இருக்கு. நான் செய்யறேன்" என்று இவள் சொல்ல, அது அண்ணன் காதுக்குப் போயிற்று.

"அந்தம்மா ஒரு தட்டு முழுசா சாப்பிடட்டும். அன்னைக்கே ரூம் சாவி உன் கையில. இல்லன்னா பெங்களூர்க்காரனுக்குக் குடுத்துடுவேன்" என்றார் அவர்.

பெங்களூர்க்காரன் என்பது சக்கரபாணி. ரொட்டிக் கடை போட வந்தவன். அவனுடைய கண்ணாடிப் பெட்டி ஏற்கனவே கைவண்டியில் வந்து லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஓர் ஈ மட்டும் குடிவந்துவிட்டது.

கெடு, ஆடிக் கிருத்திகை சாயங்காலம். அந்த ஆடிக் கிருத்திகையும் விடிந்தது.

*

காலையில் தங்கம்மாள் தலைக்கு ஊற்றி, ஈரக்கூந்தலை முடிச்சுப் போட்டுக்கொண்டு சட்டம் வாசித்தாள்.

"இன்னைக்குக் கிருத்திகை. இந்த அடுப்புல எது ஏறினாலும் மொதல்ல முருகனுக்குப் படைக்கணும். அப்புறம்தான் வெள்ளைக்காரம்மாவுக்கு. யாரும் உப்புப் பாக்கக் கூடாது, சக்கரை பாக்கக் கூடாது, விரலை நக்கக் கூடாது. மோந்தும் பாக்கக் கூடாது."

"பழக்கமே இல்லாத பலகாரம்மா. ருசி பாக்காம எப்படிச் செய்யறது?" என்றாள் உண்ணாமலை.

"இருபத்தஞ்சு வருஷமா படையல் போடறேன். ஒரு தடவை ருசி பாத்திருப்பேனா? கைக்குத் தெரியும்."

"அப்ப பேக்கரி அடுப்புலயாவது வெச்சு எடுக்கலாம்" என்றேன் நான். புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது.

"முட்டை கேக்கு வேகற அடுப்புல முருகன் பலகாரமா? ஏங்க, உங்களுக்குக் காலையில காபி குடுத்தேனா இல்லியா?"

விரத நாள். கொடுக்கவில்லை. அதனால்தான் அப்படிப் பேசினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இத்தனை சட்டம் பேசினாளே தவிர, 'செய்யாதே' என்று தங்கம்மாள் சொல்லவில்லை. இதை நான் கவனித்தேன். கவனித்ததை வெளியில் சொல்லவில்லை. எனக்கும் அனுபவம் உண்டு.

அடி அண்ணாமலையிலிருந்து சந்திரம்மாள் கூடையோடு வந்து இறங்கினாள். மலைக்காட்டில் பழம் பொறுக்கி விற்கிறவள். நாவல் பழமும் களாப்பழமும் கூடை நிறைய. மூன்றாவதுக்கு எங்கள் கொல்லையிலேயே மணத்தக்காளி கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இத்தனையும் இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் சந்திரம்மாள்.

"வேகவெச்சு, மேல மாவு போட்டு மூடப் போறோம்" என்றாள் உண்ணாமலை.

சந்திரம்மாள் கூடையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாக் கீற பழத்தை எதுக்கு வேகவெக்கணும்? அதுக்கு இன்னா ஜுரமா?"

"அமெரிக்காவுல அப்படித்தான்."

"அங்க குளிரு ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. போர்த்தித்தான் துன்னணும் போல" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள்.

கொட்டை எடுக்கிற வேலை எனக்கு வந்தது. நாவல் பழத்தை யாராவது கொட்டை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பழம் கையை விட்டுப் போகும். கொட்டை போகாது. ஒரு மணி நேரத்தில் முழங்கை வரைக்கும் ஊதா ஆகிவிட்டேன். சட்டைத்துணி தைக்கக் கொடுத்திருந்தவர்கள் அன்றைக்கு யாரும் வராதது முருகன் அருள்.

*

அடுத்தது அடுப்பு. இது என் இலாகா என்று நானே எழுந்து நின்றேன்.

கூடத்தில் கரி அடுப்பை மூட்டி, பெரிய இட்லிக் குண்டானை ஏற்றி, அதில் செய்யாற்று மணலைப் பரப்பினேன். நடுவில் ஒரு ஓட்டுத்துண்டு. அதன் மேல் எனாமல் தட்டு. மூடிக்குத் தோசைக்கல்லைக் கவிழ்த்துவிட்டால் கீழ்ச்சூடு தயார்.

"மேல் சூடுப்பா?" என்றாள் உண்ணாமலை. "மேல சிவக்கணும்னு ஈடித் அம்மா ரொம்பச் சொன்னாங்க."

தோசைக்கல் மேலே தணலை அள்ளிப் போடலாம். போட்டால் எடுக்கும்போது சாம்பல் பலகாரத்தில் விழும். குண்டானைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். யோசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் நடந்தேன். மூன்றாவது சுற்றில் வாசல் பக்கம் கடை மேஜை கண்ணில் பட்டது. அதில் என் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

அடியில் கனமான இரும்பு, வயிற்றுக்குள் கரி, பக்கத்தில் ஓட்டை, மேலே மரப்பிடி. சாம்பல் ஒரு துளி வெளியில் வராது. தூக்கி வைக்கலாம், எடுக்கலாம், சூடு குறைந்தால் விசிறலாம். வெள்ளைக்காரன் என்னென்னவோ கண்டுபிடித்தான், இது தோன்றவில்லை.

"அப்பா" என்று மட்டும் சொன்னாள் உண்ணாமலை. மகள் அப்பாவை மரியாதையாகப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கு அரை நிமிஷம் கழித்து, "பெட்டியோட அடியைத் தேச்சுக் கழுவினீங்களா?" என்று தங்கம்மாள் கேட்டுக் கெடுத்தாள்.

கழுவினேன்.

அதற்குள் அடுக்களையில் வேலை சூடு பிடித்திருந்தது. இரட்டை அடுப்பில் ஒரு பக்கம் பழம் சர்க்கரையோடு குழைந்துகொண்டிருந்தது. கறுப்பும் சிவப்புமாகக் கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும்போதெல்லாம் புளிப்பு வாசனை மூக்கின் உள்ளே போய் நாக்கைத் தொட்டது. இன்னொரு பக்கம் படையலுக்குக் கொத்தவரங்காய்ப் பொரியல். தங்கம்மாள் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்ணாமலை மைதாவில் வெண்ணெயையும் துளி ஆப்பசோடாவையும் போட்டுப் பிசறிக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் இஸ்திரிப் பெட்டியை விசிறிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் பம்பைச் சத்தம் கேட்டது. காவடி.

பம்பை ஒரு மாதிரி சத்தம். காதில் விழாது, வயிற்றில் விழும். தங்கம்மாளுக்கு அது கேட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். அவள் கையில் தாளிப்புக் கரண்டி, அதில் எண்ணெயும் கடுகும் மிளகாயும் பெருங்காயமும் பொரிந்துகொண்டிருந்தன. காவடி எங்கள் வாசலுக்கு நேரே வந்தது.

"அரோகரா" என்றாள் தங்கம்மாள், கண்ணை மூடியபடியே.

நானும் உண்ணாமலையும் வாசலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டோம். எங்களுக்குப் பின்னால் 'சொய்ங்' என்று தாளிப்பு விழுந்த சத்தம். பெருங்காய வாசனை காவடியோடு சேர்ந்து தெரு முனை வரைக்கும் போயிற்று.

பிறகு பழக்கூழை எனாமல் தட்டில் ஊற்றினோம். மேலே உண்ணாமலை மாவை உருண்டை உருண்டையாக வைத்தாள். குண்டானுக்குள் இறக்கினோம். தோசைக்கல்லை மூடினோம். அதன் மேல் என் இஸ்திரிப் பெட்டி பட்டத்து யானை மாதிரி ஏறி உட்கார்ந்தது.

*

பாதி வேக்காட்டில் வாசலில் ஒரு குரல். "டெய்லர்."

சக்கரபாணி. இடுப்பில் லுங்கி, மேலே முழுக்கைச் சட்டை, வகிடெடுத்து வாரிய தலை.

"என் பெல்பாட்டம் குடுத்திருந்தேனே, இஸ்திரி ஆச்சா? சாயங்காலம் அதைப் போட்டுட்டுத்தான் சாவி வாங்கணும்."

"ஆயிட்டே இருக்கு" என்றேன். பாதி உண்மை. இஸ்திரிப் பெட்டி சூடாகத்தான் இருந்தது.

அவன் என் ஊதாக் கைகளைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். எட்டிப் பார்த்தான். கூடத்தில் குண்டான் மேல் பெட்டி உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தது.

"இன்னாய்யா அது? பெட்டியை எதுக்கு அடுப்பு மேல வெச்சிருக்கே?"

"உள்ள ஒருத்தருக்கு அவசரமா இஸ்திரி போடணும்" என்றேன்.

"குண்டானுக்குள்ளயா?"

"சுருக்கம் ஜாஸ்தி."

அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அந்த வாசனையை விட்டு நகர அவனுக்கும் மனசு வரவில்லை போல. வெண்ணெயும் பழமும் சேர்ந்து வேகிற அந்த வாசனை, விரதக்காரன் முன்னால் வைக்கக்கூடாத வாசனை.

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு" என்று சொல்லிவிட்டு லுங்கியோடு போனான். பாவம், கெட்டவன் இல்லை. அவன் பேண்ட்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்து மேலே உட்கார்ந்தேன். என்னால் முடிந்த இஸ்திரி.

*

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குக் கோதண்டராமன் அண்ணன் ஈடித் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் கிருத்திகைக்கு நாள் முழுக்க விரதம். பாலும் பழமும் தவிர மறுநாள் காலை வரைக்கும் எதுவும் தொடமாட்டார். இடுப்பு வேட்டியில் சாவிக்கொத்து கலகலத்தது. உண்ணாமலையின் கண் அதை விட்டு நகரவில்லை.

குண்டானிலிருந்து தட்டை வெளியே எடுத்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மேலே பொன் நிறமாகச் சிவந்த மேடுகள். இடுக்கெல்லாம் கருஞ்சிவப்பாகப் பழச்சாறு பொங்கி, ஓரத்தில் பாகாக உறைந்திருந்தது. நான் தைத்த எதுவும் இத்தனை நேர்த்தியாக வெளியே வந்ததில்லை.

வேலன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சர்க்கரைப் பொங்கல், வடை, கொத்தவரங்காய்ப் பொரியல், நடுவில் காப்ளர். முருகப்பெருமான் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அமெரிக்கப் பலகாரம் பார்க்கிறார். முகத்தில் மாறுதல் எதுவும் தெரியவில்லை.

தங்கம்மாள் கற்பூரம் ஏற்றினாள். தட்டைச் சுற்றிக்கொண்டே வந்தவள், பாதிச் சுற்றில் நின்றாள். அவள் கண் இலையில் இருந்த கொத்தவரங்காய் மேலே நிலைத்தது.

"ஏங்க" என்றாள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"உம்?"

"பொரியல்ல கடுகு இல்ல."

பார்த்தேன். கொத்தவரங்காய் மொட்டையாக, பச்சையாக, பாவமாகக் கிடந்தது. கடுகு இல்லை. மிளகாய் இல்லை.

"நீ தாளிச்சியே. நான் சத்தம் கேட்டேனே" என்றேன்.

"தாளிச்சேன்."

"அப்ப எங்க போச்சு?"

அவள் கற்பூரத் தட்டோடு மெதுவாகத் தலையை மட்டும் திருப்பிக் காப்ளரைப் பார்த்தாள். இருபத்தஞ்சு வருஷமாக அந்த வீட்டில் புளிப்பு வாசனையோடு அடுப்பில் எது கொதித்தாலும், மாங்காயோ களாக்காயோ நெல்லியோ, அது ஊறுகாய்தான். புளிப்பு வாசனை பட்டதும் கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. கண் மூடியிருந்ததால் கையைத் தடுக்க ஆள் இல்லை. கறுத்த பழத்தில் கறுத்த கடுகு. யாருக்குத் தெரியும்?

"சொல்லிடவா?" என்றேன்.

"கற்பூரம் எரியும்போது பேசக் கூடாது" என்றாள். "முருகா, எம் பொண்ணு" என்று மட்டும் உதடு அசைந்தது. இத்தனை நாள் கடை வேண்டாம் என்று மேற்கே பார்த்து நின்றவள் இவள்தான்.

கற்பூரம் அணைவதற்குள் உண்ணாமலை முந்திக்கொண்டாள். விருந்தாளிக்குத்தான் முதல் தட்டு. ஒரு மேடும் நிறையச் சாறுமாக அள்ளி, எவர்சில்வர் தட்டில் வைத்து, ஸ்பூனோடு ஈடித் அம்மா கையில் கொடுத்துவிட்டாள்.

*

ஈடித் அம்மா முதல் வாயை எடுத்தார். மென்றார். நிறுத்தினார்.

தங்கம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது வாய். ஈடித் அம்மாவின் மூக்கு நுனி சிவந்தது. மூன்றாவது வாய்க்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். இரண்டு கண்ணிலிருந்தும் கண்ணீர் தாரை தாரையாக ஒட்டிய கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. ஸ்பூனை மட்டும் கீழே வைக்கவில்லை.

கோதண்டராமன் அண்ணன் என் தோளைத் தொட்டார்.

"பாத்தியா ராஜமாணிக்கம்" என்றார் கரகரத்த குரலில். "பெத்தவ நெனப்பு வந்துடுச்சுய்யா. எந்த ஊரா இருந்தா இன்னா, பெத்தவ கையாலத் துன்ன சோறு." அவர் கண்ணும் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஈடித் அம்மா தட்டைக் காலி செய்தார். ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் ஒன்றைக் கழற்றி, உண்ணாமலை உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நல்லா இரு தாயி."

அவள் சிரித்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் என் ஊதாக் கையால் கண்ணைத் துடைத்ததையும் எழுத வேண்டி வரும். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் என் முகம் எப்படி இருந்தது என்று தெருவுக்கே தெரியும்.

சந்தோஷத்தில் உண்ணாமலை தட்டு ஓரத்தில் ஒட்டியிருந்ததை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தாள். சிரிப்பு நின்றது. கண் விரிந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன்.

"பெரியப்பா" என்றாள் உண்ணாமலை.

"சொல்லும்மா."

தங்கம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "சொம்மா இருடி" என்று பல்லுக்கு நடுவில் சொன்னாள். சும்மா இருந்திருக்கலாம். சாவி கையில் இருந்தது. நானாக இருந்தால் சாவியோடு செங்கம் ரோட்டில் பாதி தூரம் போயிருப்பேன்.

"அது அவங்க அம்மா நெனப்புல வந்த கண்ணீர் இல்ல பெரியப்பா. மிளகா. எங்கயோ தப்பாயி தாளிப்பு இதுல விழுந்துடுச்சு. தெரியாம சாவி வாங்கிட்டேன்."

உள்ளங்கையை விரித்து நீட்டினாள். சாவி வேர்வையில் மின்னியது.

கோதண்டராமன் அண்ணன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தான் எதற்காக அழுதோம் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அழுத அழுகையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழி இல்லையே.

"அந்தம்மா இன்னா சொல்றாங்க, கேளு" என்றார் கடைசியில்.

உண்ணாமலை இங்கிலீஷில் கேட்டாள். ஈடித் அம்மா நிதானமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவங்க அம்மா செஞ்சது இப்படி இல்லையாம்" என்றாள் உண்ணாமலை. "கொஞ்சம்கூட இப்படி இல்லையாம்."

தங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஈடித் அம்மா பேச்சை முடிக்கவில்லை. காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, இந்த மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழில், எங்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

"இன்னும் கொஞ்சம்."

அவர் தட்டை இன்னும் சற்று உயர்த்தினார். "கொஞ்சம் இல்ல. ஜாஸ்தி."

முதலில் சிரித்தது கோதண்டராமன் அண்ணன். வயிறு குலுங்கி, சாவிக்கொத்து குலுங்கி, விரதம் கலைகிற மாதிரி சிரித்தார். பிறகு உண்ணாமலையின் விரல்களைத் தானே மடக்கி மூடினார்.

"தட்டு காலியாகணும்னுதான் சொன்னேன். எதுக்கு அழணும்னு நான் கண்டிஷன் போடலியே. வெச்சுக்கோ. கைக்கு வந்ததை நீயே நீட்டினே பாரு, உன்னை நம்பித்தான் லாட்ஜு வாசலைக் குடுக்கறேன்."

ஈடித் அம்மா இரண்டாவது தட்டுக்கும் அழுதார். அப்புறம் உண்ணாமலையிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதிகள் எல்லாரும் பாண்டிச்சேரியிலிருந்து வருகிறார்களாம். எல்லாருக்கும் இதே வேண்டுமாம். அந்தச் சின்னச் சின்ன கறுப்பு உருண்டைகளை மறக்காமல் போடச் சொன்னாராம்.

"கடுகு" என்றாள் தங்கம்மாள், மானம் போன குரலில்.

அவர்கள் கிளம்பும்போது சக்கரபாணி வாசலில் நின்றிருந்தான், இன்னும் லுங்கியில். விஷயம் தெரிந்து, கண்ணாடிப் பெட்டி உடைந்துபோன மாதிரி முகத்தோடு நின்றான். உண்ணாமலை அவனுக்கும் ஒரு தட்டு கொடுத்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கண்ணாடிப் பெட்டி வேணுமா? நல்ல பெட்டி" என்றான். அவன் பெல்பாட்டத்தைக் கொடுத்தேன். உட்கார்ந்து இஸ்திரி போட்டதில் ஒரு கால் ஓரத்தில் ஊதாவாக ஐந்து விரல் பதிந்திருந்தது. அதைப் பற்றி அவனுக்கு அப்போது தெரியாது.

*

வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். மிச்சமிருந்த காப்ளரை நடுவில் வைத்து வழித்துக்கொண்டிருந்தோம். முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, விழுங்கினதும் பின்னால் வந்து தோளைத் தட்டுகிற காரம். நிறுத்த முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமைதான் போளூர்க்காரங்களும் வர்றாங்க" என்றேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

உண்ணாமலை விரலை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள்.

தங்கம்மாள் தட்டின் ஓரத்தை நிதானமாகச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"வரட்டும். லாட்ஜுக்கே கூட்டிக்கினு போய் இதையே ஒரு தட்டு குடுப்போம். துன்னுட்டு எழுந்திருக்காம உக்காந்திருந்தான்னா மாப்பிள்ளை. எழுந்து ஓடினான்னா, அவனுக்கு உரக்கடை போதும்."

கிழக்கும் மேற்கும் ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டிருந்தன. என் குடும்ப நிர்வாகத்துக்கு இனி வேலை இல்லை.

"அது சரிம்மா" என்றாள் உண்ணாமலை. "எத்தனை மிளகா போட்டே? எண்ணெய் எவ்வளவு? பெருங்காயம்?"

தங்கம்மாளின் வாய் நின்றது.

"நானா போட்டேன்? கை போட்டுச்சு."

"கையைக் கேளு."

தங்கம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். இரட்டை அடுப்புக்கு முன்னால் நின்று வெறும் தாளிப்புக் கரண்டியைப் பிடித்தாள். கண்ணை மூடினாள். கை அசையவில்லை. கண்ணைத் திறந்தாள். மூடினாள். நாங்கள் இருவரும் பின்னால் நின்று பார்த்தோம்.

"வரமாட்டேங்குதுங்க" என்றாள். "பம்பை வேணும்."

"இப்ப பம்பைக்கு எங்க போறது?"

"அந்தக் குண்டானைக் கவுத்துப் போட்டுக் கொட்டுங்க."

மணலைக் கொட்டிவிட்டுக் குண்டானைக் கவிழ்த்தேன். இரண்டு கையாலும் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கரி படிந்த குண்டானும் ஊதாக் கைகளுமாக நான் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"அப்படியா கொட்டுவாங்க பம்பை?" என்றாள் தங்கம்மாள், கண்ணைத் திறக்காமல். "சரியாக் கொட்டுங்க. நம்ம பொண்ணு கடை."

சரியாகக் கொட்டினேன்.

கரண்டி மெதுவாக மேலே எழும்பியது.